எத்தனை டி.எம்.சி. என்று கேட்டோம், எப்படிப்பட்ட தண்ணீர் என்று கேட்டோமா?

  

நம்ம சங்கம் துண்டுப் பிரசுரம் போட்டாலே அதில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேட்டூர் எப்போ திறக்கும், கடைமடைக்கு எப்போ தண்ணி வரும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துக் கழிக்கிறானே, பயிர்க் காப்பீடு வந்ததா, இதெல்லாம்தான் நம்ம பாட்டு. இந்தத் தடவை வேற ஒரு விஷயம் எழுதுகிறேன். முதல் பார்வைக்கு இது டாக்டர்கள் பேச வேண்டிய சமாச்சாரம் போலத் தெரியும். விவசாய சங்கச் செயலாளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

போன சம்பா நடவு நேரம். நம்ம சங்க உறுப்பினர் ஒருத்தர், எனக்கு மச்சான் முறை. வயல் சேற்றில் எவனோ குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் சில்லு அவர் காலைப் பதம் பார்த்துவிட்டது. விவசாயிக்குக் காலில் காயம் என்ன புதுசா? மஞ்சளும் எண்ணெயும் தடவினார். வீங்கியது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலேயே மாத்திரை கேட்டு வாங்கி மூணு நாள் போட்டார். வீக்கம் கொஞ்சம் வத்தினதும் நிறுத்திவிட்டார். பத்து நாள் கழித்துக் காய்ச்சலோடு சீழ் வைத்தது. தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு ஊசி கேட்கவில்லை, மாற்றினார்கள். அதுவும் கேட்கவில்லை. கடைசியில் சீழை எடுத்து கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட் என் கையில்தான் கொடுத்தார்கள். வரிசையாக மருந்துப் பெயர். ஒவ்வொன்றுக்கு நேராகவும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. ஆர், ஆர், ஆர், ஆர். அடியில் ரெண்டே ரெண்டு இடத்தில் எஸ். டாக்டர் விளக்கினார்: "எஸ் என்றால் மருந்து கேட்கும். ஆர் என்றால் கிருமி அந்த மருந்தைப் பார்த்துப் பயப்படாது." அந்த ரெண்டு மருந்தும் விலை கூடின மருந்து. கறவை மாடு போச்சு. வீட்டு நகை கூட்டுறவு சங்கத்தில் போச்சு. ரெண்டு விரலும் போச்சு. மச்சான் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கேட்டது இன்னும் என் காதில் இருக்கு: "பூச்சி கேக்கலேன்னா வேற மருந்து வாங்கி அடிக்கலாம். காலுக்கு அடிக்க வேற மருந்து இல்லேங்கிறாரே மாப்ள, அப்ப என்ன பண்றது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

புகையான் கற்றுக் கொடுத்த பாடம்

கிருமிக்கு மருந்து கேட்காமல் போவது எப்படி? நமக்கு இதை யாரும் புதுசாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. புகையானுக்கு ஒரே மருந்தை வருஷா வருஷம் அடித்தோம். முதல் வருஷம் மொத்தமாகச் செத்தது. பத்தாவது வருஷம் மருந்து வாசனையில் குளிச்சிட்டு நிற்குது. ஏன்? அடிக்கிற மருந்தில் சாவது நோஞ்சான் பூச்சி. தாங்கினது பிழைக்கிறது, அதுதான் முட்டை போடுகிறது. களை எடுக்கிறேன் என்று பயிரைப் பிடுங்கிக் களையை விட்ட கதை. அப்புறம் வயலே களைக்குத்தான் சொந்தம்.

கிருமியிலும் இதேதான். பூச்சிக்கு இல்லாத இன்னொரு சாமர்த்தியமும் கிருமிக்கு உண்டு. மருந்தைத் தாங்கும் அந்த வித்தையை, தன் இனமே இல்லாத பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுத்துவிடும். குதிரைவாலிக் களை தன் குணத்தைக் கோரைக்குக் கொடுத்தால் நம்ம கதி என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள். சாக்கடையில் கிடக்கும் ஒரு சாதுக் கிருமி இந்த வித்தையைக் கற்றுக்கொண்டால், நாளைக்கு ஆளைக் கொல்லும் கிருமிக்கு அது வாத்தியார் ஆகிவிடும்.

2019ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 12.7 லட்சம் பேர் மருந்து கேட்காத கிருமியாலேயே நேரடியாக இறந்தார்கள் என்று 2022இல் லான்செட் மருத்துவ இதழ் கணக்குப் போட்டது. அந்தக் கிருமி சம்பந்தப்பட்ட சாவுகளைச் சேர்த்தால் 49.5 லட்சம். ஒரு போர் நடந்தால் பேப்பரில் கொட்டை எழுத்தில் வரும். இது வராது.

இதற்குக் காரணம் யார் என்று கேட்டால் எல்லாரும் மச்சானைத்தான் காட்டுவார்கள். "சீட்டு இல்லாம மாத்திரை வாங்குனான், பாதியில நிறுத்துனான், படிக்காதவன்." அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதி ஆற்றில் ஓடுகிறது.

படன்சேரு: ஒரு டேங்குக்கு ஒரு மாத்திரை

ஹைதராபாத் பக்கத்தில் படன்சேரு. பயிர் ஆராய்ச்சிக்கு உலகப் பெயர் பெற்ற இக்ரிசாட் நிலையம் இருக்கிற ஊர். 1960களில் ஹைதராபாத்தில் ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்து ஆலை வந்தது. நல்ல காரியம். வெள்ளைக்காரக் கம்பெனி விற்ற விலைக்கு வாங்க முடியாத மருந்தை நம்ம நாட்டிலேயே செய்தார்கள். அங்கே தொழில் கற்றவர்களும் அவர்களைப் பார்த்தவர்களும் சுற்றுவட்டாரத்தில் தனியார் ஆலைகள் போட்டார்கள். மாத்திரைக்குள் இருக்கும் மூல மருந்தைக் காய்ச்சும் ஆலைகள். படன்சேரு, பொல்லாரம், காசிப்பள்ளி என்று வரிசையாக வந்தன. கழிவை எங்கே விட்டார்கள்? ஏரியிலும் ஓடையிலும். இஸகவாகு ஓடை, அங்கிருந்து நக்கவாகு, அங்கிருந்து மஞ்சீரா ஆறு, அங்கிருந்து கோதாவரி. நம்மைப் போலவே ஒரு நெல் டெல்டா கோதாவரிக்கும் உண்டு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2007இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஜோகிம் லார்சன் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவை வாங்கிச் சுத்தம் செய்யும் பொது நிலையம் படன்சேருவில் இருக்கிறது. "சுத்தம் செய்து" வெளியே விட்ட தண்ணீரைத்தான் எடுத்துச் சோதித்தார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. மருந்து சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம்!

இதை நம்ம கணக்கில் சொல்கிறேன். நாம் முதுகில் மாட்டும் கைத்தெளிப்பான் 16 லிட்டர். அந்த நிலையம் வெளியே விட்ட தண்ணீரை ஒரு டேங்க் பிடித்தால் அதில் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கரைந்திருக்கிறது. ஒரே நாளில் அந்த நிலையத்திலிருந்து வெளியேறியது சுமார் 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். 90,000 மாத்திரை! ஸ்வீடன் நாடு முழுக்க அஞ்சு நாளில் சாப்பிடுகிற அளவு. நோயாளிக்குச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்கிறார்களே, இந்த ஓடைக்கு எந்த டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்?

இன்னொரு கொடுமையும் உண்டு. மருந்துக் கழிவை உயிரியல் முறையில் சுத்தம் செய்ய வேண்டும் என்பதற்காக மனிதக் கழிவுநீரையும் அதில் கலந்தார்கள். மனிதக் குடலின் கிருமியும் ஆன்டிபயாடிக்கும் ஒரே தொட்டியில்! நாற்றங்கால் விட்டு, தண்ணி பாய்ச்சி, அடியுரம் போட்டு வளர்த்த மாதிரி, மருந்து கேட்காத கிருமியை வளர்த்திருக்கிறார்கள். அப்புறம் 2009இல் அந்தக் கழிவை 18 கிலோமீட்டர் குழாய் போட்டு நகரத்தின் அம்பர்பேட்டை சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பினார்கள். அங்கிருந்து மூசி ஆறு. மூசி ஆற்றுத் தண்ணீரில் நெல் விளைகிறது, மாட்டுத் தீவனப் புல் விளைகிறது. ஓடையைக் காப்பாற்ற ஆற்றைக் கொடுத்தார்கள்.

அங்கே விவசாயிகள் சும்மா இருந்தார்களா? இல்லை. 1990இலேயே வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அங்கிருந்து ஆந்திர உயர் நீதிமன்றம், அங்கிருந்து 2013இல் பசுமைத் தீர்ப்பாயம். இறுதித் தீர்ப்பு 2017இல். 27 வருஷம்! வழக்குப் போட்டபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை தீர்ப்பு வரும்போது பிள்ளை பெற்றிருக்கும்.

சென்னைக்காரர் சொன்னார், டெல்லிக்குக் கோபம் வந்தது

2010இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளம் ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்தைக்கூட முறிக்கிற ஒரு மரபணு, சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த கிருமிகளில் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்த மரபணுவுக்கு வைத்த பெயரில் நியூ டெல்லி இருந்தது. நோயைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய டெல்லி, பெயரைப் பற்றிக் கோபப்பட்டது. நாட்டுக்கு அவமானம், வெளிநாட்டுச் சதி என்றார்கள். அடுத்த வருஷமே, 2011இல், டெல்லித் தெருவில் தேங்கிய தண்ணீர் 171 இடத்தில் எடுத்ததில் 51 இடத்திலும், குழாய்த் தண்ணீர் 50 இடத்தில் எடுத்ததில் 2 இடத்திலும் அதே மரபணு இருந்தது வெளிவந்தது. ஆஸ்பத்திரிக்கு உள்ளே இருக்க வேண்டியது தெருவுக்கு வந்துவிட்டது.

2012இல் சென்னையில் டாக்டர்கள் கூடி "சென்னைப் பிரகடனம்" என்று ஒரு திட்டம் எழுதினார்கள். அடுத்த ஆண்டு மத்திய அரசு ஹெச்-1 என்று ஒரு மருந்துப் பட்டியல் போட்டது. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. சாப்பிடுகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் சட்டம் வந்தாச்சு. காய்ச்சி ஊற்றுகிறவனுக்கு?

அதுவும் வரும் போலத்தான் இருந்தது. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவு விதி வெளியிட்டது. மருந்து ஆலைக் கழிவுநீரில் எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு வரை இருக்கலாம் என்று 121 மருந்துக்கு உச்ச வரம்பு போட்டார்கள். உலகத்தில் எந்த நாடும் செய்யாததை இந்தியா செய்யப்போகிறது என்று வெளிநாட்டுக்காரர்கள்கூடப் பாராட்டினார்கள். 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தது. ஆன்டிபயாடிக் வரம்பு மொத்தமும் காணோம்! வயலில் இருந்த வரப்பை ராத்திரியோடு ராத்திரி வெட்டித் தள்ளின மாதிரி அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். கம்பெனிகள் ஆட்சேபித்திருந்தன என்பது ஊரறிந்த விஷயம். கிராமத்தில் யாரையாவது கேட்டார்களா? மூசிக் கரை விவசாயியைக் கேட்டார்களா?

2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமே மருந்து ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று முதல் முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் வழிகாட்டுதல் வேறு, சட்டம் வேறு. வழிகாட்டிப் பலகையைப் பார்த்து லாரி நிற்காது. கேட் போட்டால்தான் நிற்கும்.

நம்ம காவிரி

"செயலாளரே, படன்சேரு எங்கேயோ இருக்கு. டெல்டாவில் மருந்து ஆலையே இல்லையே?" என்று கேட்பீர்கள். வருகிறேன்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் லிஜி பிலிப் குழு காவிரித் தண்ணீரைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டது. வலி மாத்திரை மருந்து, ரத்த அழுத்த மருந்து, வலிப்பு மருந்து, இதெல்லாம் காவிரியில் இருக்கிறது. கூடவே படன்சேருவில் பார்த்தோமே, அதே சிப்ரோஃப்ளாக்சசினும் இருக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். காவிரியில் இருப்பது படன்சேரு அளவு இல்லை, அதைவிடப் பன்மடங்கு குறைவு. இன்றைக்கே தண்ணி குடித்தால் செத்துப்போவோம் என்று யாரும் பயமுறுத்த வேண்டாம். நம்ம சங்கம் பொய் சொல்லிக் கூட்டம் சேர்க்கிற சங்கம் இல்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் தவறாமல் விழுகிற மருந்துதான் கிருமிக்குப் பயிற்சிப் பள்ளி. பூச்சி மருந்தைக் குறைச்சலான அளவில் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

மனுஷன் விழுங்கும் ஆன்டிபயாடிக்கில் நல்ல பங்கு கரையாமல் கழிவோடு வெளியே வந்துவிடும். வழியில் இருக்கும் ஊர்களின் சாக்கடை, ஆஸ்பத்திரிக் கழிவு, பண்ணைக் கழிவு எல்லாம் ஆற்றில்தான் சேர்கிறது. இதைக் குடித்து வளர்வது நெல் மட்டுமா? கொள்ளிடத்தில் கிணறு போட்டுத்தான் வேதாரண்யம் வரைக்கும் கூட்டுக் குடிநீர் போகிறது. வீராணம் வழியாகச் சென்னைக்கே போகிறது. ஆற்றில் தண்ணி நிறைய ஓடினால் கழிவு கரைந்து போகும். தண்ணி குறைந்தால் சாக்கடை மட்டும்தான் ஓடும். ஆகவே அளவும் தரமும் ரெண்டு போராட்டம் இல்லை, ஒரே போராட்டம்தான்.

2007இல் நடுவர் மன்றம் 192 டி.எம்.சி. என்றது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் 177.25 ஆக்கியது. பில்லிகுண்டுலுவில் எத்தனை கன அடி என்று அளக்கிறோம். அந்தத் தண்ணியில் என்ன கரைந்திருக்கிறது என்று யார் அளக்கிறார்கள்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழக்கமாகப் பார்ப்பது கார அமிலத் தன்மை, கரைந்த ஆக்சிஜன், கோலிஃபார்ம் போன்றவை. ஆன்டிபயாடிக் அந்த வழக்கமான பட்டியலில் இல்லை.

காவிரிக்குக் கம்பெனிக் கழிவு புதுசும் இல்லை. நொய்யல் ஆறு கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. திருப்பூர் சாயக் கழிவு அந்த நொய்யலை என்ன செய்தது? பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டி ஆனது. பாசன விவசாயிகள் வழக்கு நடத்தி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவே வெளியே விடாத முறையை உண்மையாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். முன்னாடி முடியாது என்றவர்கள் பூட்டுப் போட்டதும் எப்படி முடிந்தது?

வடக்கே பாருங்கள். கொள்ளிடம் தாண்டினால் கடலூர். உப்பனாற்றங்கரையில் சிப்காட் ரசாயன வளாகம். மருந்து ஆலைகளும் அதில் உண்டு. அந்த ஊர் மக்கள் நாற்றத்தோடும் கெட்ட தண்ணியோடும் படுகிற பாடு நமக்குத் தெரியாத கதை இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மீத்தேன் வேண்டாம் என்று நாம் தெருவில் உட்கார்ந்தோம். ஐயா நம்மாழ்வார் 2013 டிசம்பரில் கடைசி மூச்சு விட்டதும் அந்தப் பிரச்சாரத்தில் இருந்தபோதுதான். அந்தப் போராட்டத்தின் பலனாக 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. வரக்கூடாத தொழில்கள் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. எண்ணெய், எரிவாயு எடுப்பது, தாமிர உருக்காலை, துத்தநாக ஆலை, தோல் பதனிடுவது என்று போகிறது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூல மருந்து ஆலை என்ற வார்த்தை இல்லை. வேலி போட்டாச்சு, ஒரு பக்கம் சந்து இருக்கிறது. மாடு நுழைந்த பிறகு சந்தை அடைப்பதா, இப்போதே அடைப்பதா?

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. மூல மருந்துக்குச் சீனாவை நம்பியிருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2020இல் மூல மருந்துப் பூங்காத் திட்டம் கொண்டுவந்தது. 2022இல் ஆந்திரா, குஜராத், இமாச்சலம் மூன்றுக்கும் ஒப்புதல் கொடுத்தார்கள். சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது நமக்கும் சம்மதம். ஆனால் ஆலைக்குப் பணம், நிலம், கரண்டு எல்லாம் தருகிற அரசு, கழிவுநீரில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பை மட்டும் ஏன் எடுத்தது?

நம்ம கையும் சுத்தம் இல்லை

அடுத்தவனைக் குற்றம் சொல்லும்போது நம்ம முதுகையும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பி.பி.டி. 5204 போட்டவர்களுக்கு பாக்டீரியா இலைக்கருகல் நோய் பற்றிச் சொல்ல வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். கடைக்காரர் சின்னப் பொட்டலம் ஒன்று தருவார். ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடி. காப்பர் மருந்தோடு சேர்த்து அடிப்போம். பல வருஷம் நானும் அடித்தவன்தான். ஸ்ட்ரெப்டோமைசின் என்பது மனுஷனுக்குக் காசநோய்க்குப் போட்ட ஊசி மருந்து என்று அப்போது எனக்குத் தெரியாது. பரிந்துரை செய்த அதிகாரியும் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகமே இந்தக் கலவையை விவசாயத்தில் தடை செய்ய வரைவு ஆணை போட்டது.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. தழைச்சத்தை, அதாவது யூரியாவை, ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவது. நோய் கண்ட வயல் தண்ணியை அடுத்த வயலுக்கு விடாமல் இருப்பது. புதுச் சாணத்தைக் கரைத்து வடிகட்டி 20 சதவீதக் கரைசலாக ரெண்டு தடவை தெளிப்பது. இதை நம்ம வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. 2008இல் ஹைதராபாத் விஞ்ஞானிகள் இந்த நோயைத் தாங்குகிற மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை வெளியிட்டார்கள். அது நம்ம விரிவாக்க மையத்தில் தாராளமாகக் கிடைக்கிறதா? நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கள்.

மாட்டுக்கு மடிநோய் வந்தால் ஊசி போடுகிறோம். ஊசி போட்ட மாட்டுப் பாலை எத்தனை நாள் கறந்து ஊற்றக் கூடாது என்று கால்நடை மருத்துவரைக் கேட்கிறோமா? கோழிப் பண்ணையில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடுவதுண்டு. மனுஷனுக்குக் கடைசிக் கைத்துணையான கோலிஸ்டின் மருந்தையே தீவனத்தில் கலந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. அந்தப் பண்ணைகளின் எருவை லாரியில் வாங்கி வந்து வயலில் கொட்டுவது யார்? நாம்தான். மக்க வைக்காமல் பச்சையாகக் கொட்டாதீர்கள் என்று இந்தப் பிரசுரம் மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இதெல்லாம் நாம் திருந்த வேண்டியது, திருந்துவோம். ஆனால் ஒரு ஏக்கருக்கு ஒரு பொட்டலம் அடித்தவனும் ஒரு நாளைக்கு 45 கிலோ ஊற்றினவனும் ஒன்றா? நம்ம தப்பைக் காட்டி அவர்கள் தப்பித்துக்கொள்ள விடக் கூடாது.

"மருந்து வேண்டாமா?"

வேண்டும், கட்டாயம் வேண்டும். எங்கள் மச்சான் உயிரோடு இருப்பதே கடைசியில் கேட்ட அந்த ஒரு மருந்தால்தான். ஆகவே நம்ம சங்கம் மருந்து ஆலைக்கு எதிரி இல்லை. அந்த மருந்து நாளைக்கும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் பேசுகிறோம். மருந்தைக் காய்ச்சுகிற ஆலையே, அந்த மருந்தைச் செல்லாக்காசு ஆக்குகிற கழிவையும் ஆற்றில் விடுகிறது. விதை நெல்லை விற்றுக்கொண்டே பத்தாயத்தில் எலியையும் வளர்ப்பது என்ன வியாபாரம்?

கழிவைச் சுத்தம் செய்தால் மருந்து விலை ஏறும் என்கிறார்கள். இப்போது மட்டும் செலவு இல்லையா? இருக்கிறது. அதை மச்சான் கட்டினார், மாடு விற்றுக் கட்டினார், விரலைக் கொடுத்துக் கட்டினார். மூசிக் கரை விவசாயி நிலத்தைக் கொடுத்துக் கட்டுகிறார். கம்பெனி கணக்கில் வராத செலவெல்லாம் நம்ம கணக்கில்தான் வருகிறது.

நமது கோரிக்கைகள்

மத்திய அரசே!
1. 2021இல் நீக்கிய ஆன்டிபயாடிக் கழிவு வரம்பைத் திரும்பக் கொண்டு வா! ஆலை வாசலில் எடுக்கும் சோதனை முடிவை மாதாமாதம் ஊர் மக்களுக்கு வெளியிடு!
2. காவிரி மேலாண்மையில் தண்ணீரின் அளவோடு தரத்தையும் சேர்!

மாநில அரசே!
3. வேளாண் மண்டலச் சட்டத்தின் தடைப் பட்டியலில் மூல மருந்து ஆலைகளைச் சேர்!
4. மேட்டூரிலிருந்து கடைமடை வரை காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் தண்ணீரில் ஆன்டிபயாடிக்கும் மருந்து கேட்காத கிருமியும் இருக்கிறதா என்று வருஷம் ரெண்டு தடவை சோதித்து முடிவைச் சொல்!
5. ஆற்றங்கரை நகரங்களின் சாக்கடையையும் ஆஸ்பத்திரிக் கழிவையும் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விடாதே!
6. வட்டார அரசு மருத்துவமனை வரைக்கும் கல்ச்சர் டெஸ்டை இலவசமாகக் கொண்டு வா! எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் விவசாயி காசையும் காலையும் இழக்கக் கூடாது.
7. இலைக்கருகலைத் தாங்கும் விதை நெல்லை விரிவாக்க மையங்களில் மானியத்தில் வழங்கு!

விவசாயப் பெருமக்களே! அடுத்து வரும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முன் கூடுகிறோம். வழக்கம்போலக் கொடி எடுத்து வாருங்கள். கூடவே ஒவ்வொருவரும் உங்கள் ஊர் வாய்க்கால் தண்ணி ஒரு பாட்டில் பிடித்து வாருங்கள். பாட்டிலில் வாய்க்கால் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். மனுவோடு சேர்த்து அதையும் ஆட்சியர் மேஜையில் வைப்போம். "இதில் என்ன இருக்கிறது, சோதித்துச் சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு கேள்வி கேட்போம். பதில் சொல்லும் வரை அடுத்த மாதமும் வருவோம், அதற்கடுத்த மாதமும் வருவோம்.

மச்சானும் வருகிறார். கைத்தடியோடு வருகிறார். "முன் வரிசையில எனக்கு ஒரு இடம் போடு மாப்ள" என்று சொல்லியிருக்கிறார்.

அளவுக்காகப் போராடினோம், தரத்துக்காகவும் போராடுவோம்! ஆற்றைக் காப்போம், மருந்தைக் காப்போம், மக்களைக் காப்போம்! அணி திரண்டு வாரீர்!

இப்படிக்கு,
செயலாளர், விவசாயிகள் சங்கம்,
தஞ்சாவூர்